கிரகரி தேசாதிபதியும் நாற்பது பேர்ச்சஸ் காணியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன தவணையில் எங்கள் பாடசாலையின் 8ஆம் தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கறுவாத்தோட்டம் நூதனசாலைக்குப் போனோம். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ். தண்ணீர்ப் போத்தல், மாலு பண், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு எலுமிச்சங்காய், எல்லாம் ஆயத்தம். பாதிப் பிள்ளைகள் அதற்கு முன் அந்தப் பக்கமே போனதில்லை. கொழும்பில்தான் பிறந்தார்கள், கொழும்பில்தான் வளர்கிறார்கள், ஆனால் அவர்களுடைய கொழும்பு ஜிந்துப்பிட்டியில் தொடங்கி புறக்கோட்டையில் முடிந்துவிடும்.

உள்ளே போனால் கண்டி அரசனின் சிங்காசனத்தைப் பார்க்க ஓடுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். நூதனசாலைக்கு முன்னால் புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரரின் சிலை நிற்கிறதே, அதைச் சுற்றி.

"டீச்சர், இது ஆரு?"

எங்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சேர் வில்லியம் கிரகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதி, இந்த நூதனசாலையைக் கட்டுவித்தவர் என்று தொடங்கி, எங்கள் உம்மும்மா எங்களுக்குச் சொன்ன கதையை அப்படியே சொன்னோம். உங்களில் அநேகம் பேர் கேட்டிருப்பீர்கள். கட்டடத்தின் படத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர். கட்டி முடித்தவர் நம்மவர், அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். 1877 ஜனவரி 1ஆம் திகதி திறப்பு விழாவில் தேசாதிபதி மரைக்காரைக் கூப்பிட்டு, உமக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டாராம். மரைக்கார் பட்டம் கேட்கவில்லை, பதக்கம் கேட்கவில்லை. ஜும்ஆ நாளில் இந்த நூதனசாலை மூடியிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். தேசாதிபதி சரி என்றாராம். மிக நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடித்தான் இருந்தது. இப்போதுதான் எல்லா நாளும் திறக்கிறார்கள்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பையன் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். "இத நம்மட ஆளா கட்டின?" என்று இன்னொருத்தன் மூன்று தரம் கேட்டான். மரைக்கார் கட்டியது இது ஒன்று மட்டுமல்ல, கோட்டையில் பழைய தபால் தலைமையகம், புறக்கோட்டையில் பழைய நகர மண்டபம் எல்லாம் அவருடைய கைதான் என்று சொன்னோம். அந்த மண்டபத்தைத் தினமும் தாண்டித்தான் அநேகம் பிள்ளைகளின் வாப்பாமார் வேலைக்குப் போகிறார்கள்.

அப்போது பின்வரிசையில் நின்ற ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இவருக்குப் புள்ளைகள் இல்லையா? அவங்க இப்ப எங்க ஈக்கிறாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் சிலையைக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறோம், அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும், ஊர் இருந்திருக்கும், மனைவி பிள்ளை இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றோம்" என்று அப்போதைக்குத் தப்பினோம். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு என்பதால் தேடவும் தொடங்கினோம்.

நம்முடைய ஊரில் தேசாதிபதிமாரின் பெயருக்குக் குறைவில்லை. நாங்கள் குடியிருக்கும் வெள்ளவத்தையில் ஹவ்லொக் வீதி ஒரு தேசாதிபதி, மெனிங் பிளேஸ் இன்னொரு தேசாதிபதி. பான்ஸ் பிளேஸ், ஹோட்டன் பிளேஸ், வார்ட் பிளேஸ் என்று கறுவாத்தோட்டம் முழுக்க அவர்கள்தான். கிரகரிக்கும் அங்கே ஒரு வீதி இருந்தது. இப்போது அதற்கு ஆர்.ஜி. சேனாநாயக்க மாவத்தை என்று பெயர், ஆனாலும் த்ரீவீல்காரரிடம் கிரகரிஸ் ரோட் என்றால்தான் உடனே விளங்கும். நுவரெலியா போனால் கிரகரி வாவி. சீசனுக்குப் போய்ப் படகில் ஏறிப் படம் எடுத்துப் போடுகிற நாம் யாரும் அது யாருடைய பெயர் என்று கேட்பதில்லை.

கிரகரி ஆங்கிலேயர் அல்ல, அயர்லாந்துக்காரர். இலங்கைக்கு வருவதற்கு நூறு வருடம் முன்பே அந்தக் குடும்பத்துக்கு நம்முடைய பக்கத்தோடு தொடர்பு இருந்திருக்கிறது. கொள்ளுப்பாட்டனார் ரொபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பனியில் இருந்தவர். வங்காளத்தில் சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பி, 1768இல் அயர்லாந்தின் மேற்கே கோல்வே மாவட்டத்தில் கூல் என்ற இடத்தில் பெரிய காணி வாங்கினார். வங்காளத்துப் பணத்தில்தான் அந்தக் குடும்பம் அங்கே நிலப்பிரபுக்கள் ஆனது. பாட்டனார் டப்ளின் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி. நம் கிரகரி 1816இல் பிறந்து அந்தப் பாட்டனாரின் செல்லப் பேரனாக வளர்ந்தார். 25 வயதில் டப்ளினுக்குப் பாராளுமன்ற உறுப்பினர்.

இதுவரைக்கும் வாசித்தபோது சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு 1847 வந்தது.

அயர்லாந்தின் ஏழைச் சனத்துக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடு. 1845இல் அந்தப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்தடுத்த வருடங்களிலும் விழுந்தது. பஞ்சத்திலும் அதோடு வந்த காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கு மேற்பட்டோர் கப்பல் ஏறி நாட்டை விட்டுப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த சனத்தொகை 1851இல் சுமார் 65 லட்சம். அதே காலத்தில் அந்த நாட்டிலிருந்து தானியமும் மாடும் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன.

1847இல் லண்டன் பாராளுமன்றத்தில் பஞ்ச நிவாரணச் சட்டம் விவாதத்துக்கு வந்தது. அப்போது 30 வயது கிரகரி எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருக்கும் குடியானவனுக்கு அரசாங்க நிவாரணம் கிடையாது. நிவாரணம் வேண்டுமானால் மிச்சக் காணியை விட்டுக்கொடுத்துவிட்டு வரவேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. சட்டமாகிவிட்டது. சரித்திரத்தில் அதற்குப் பெயரே 'கிரகரி பிரிவு'.

கால் ஏக்கர் என்றால் நாற்பது பேர்ச்சஸ். கொழும்பில் காணி விலை பேசும் நமக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில் இன்று நாற்பது பேர்ச்சஸ் வைத்திருப்பவர் கோடீஸ்வரர். அன்று அயர்லாந்தில் அது ஒரு குடும்பம் கிழங்கு போட்டு உயிரோடு இருப்பதற்கான துண்டு, அதுவும் சொந்தமல்ல, வாடகைக்கு. காணியை விட்டால் இன்றைக்குக் கஞ்சி கிடைக்கும், நாளைக்குப் பயிரிட நிலம் இருக்காது. விடாவிட்டால் இன்றைக்கே பட்டினி. சிலர் காணியை வைத்துக்கொண்டே செத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் விட்டுக்கொடுத்துவிட்டு ஏழைகள் விடுதிக்குப் போனார்கள், போன கையோடு நிலப்பிரபுக்கள் அவர்களுடைய குடிசைகளை இடித்தார்கள். கிரகரி தன்னுடைய சொந்தக் குடியானவர்களை அப்படி விரட்டவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அவருடைய வாப்பா அதே 1847இல் மௌத்தானார். பஞ்சத்தில் வாடிய குடியானவர்களுக்கு உதவப் போன இடத்தில் தொற்றிய காய்ச்சல். வாப்பா ஏழைகளின் காய்ச்சல் வாங்கி இறக்கிறார், மகன் அதே ஏழைகளின் காணியை எடுக்கும் சட்டம் கொண்டுவருகிறார். ஒரே வீடு, ஒரே வருடம்.

இதை வாசித்த அன்று இரவு எங்களுக்கு நித்திரை சரியாக வரவில்லை. நிவாரணப் படிவம் நிரப்பத் தெரியாமல் எங்களிடம் கொண்டுவந்து தரும் பெற்றோர் எத்தனை பேர்! வீட்டில் என்ன என்ன இருக்கிறது, எத்தனை அறை, கரண்ட் பில் எவ்வளவு என்று அதில் கேள்வி கேள்வியாக இருக்கும். எதை எழுதினால் வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தோடு ஒரு தாய் எங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை ஞாபகம் வந்தது.

இனி மிச்சக் கதை. கிரகரிக்குக் குதிரைப் பந்தயப் பைத்தியம். வாப்பா விட்டுப்போன சொத்தைப் பந்தயத்தில் விட்டு, 1857இல் காணியில் பெரும் பகுதியை விற்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. கோல்வே மக்களின் பாராளுமன்ற உறுப்பினராகப் பதினைந்து வருடம் இருந்தார். ஓவியங்களில் நல்ல ரசனை, லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தின் அறங்காவலர். 1872இல் எலிசபெத் என்ற விதவைப் பெண்ணை மணமுடித்துக்கொண்டு, அதே வருடம் தேசாதிபதியாக இலங்கைக்கு வந்தார். அந்த அம்மா இங்கே ஒரு வருடம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 1873இல் இலங்கையிலேயே இறந்துவிட்டார்.

மனைவியை இழந்த மனுசன் வேலையில் விழுந்தார். 1873இல் வட மத்திய மாகாணத்தைப் பிரித்து உண்டாக்கினார். பாழாய்க் கிடந்த குளங்களைத் திருத்தப் பணம் ஒதுக்கினார். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் இங்கிலாந்து இளவரசரே வந்து அடிக்கல் நாட்டியது இவருடைய காலத்தில்தான். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து? கோப்பி. அப்போது மலைநாட்டில் கோப்பிக்கு நல்ல விலை. இந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளிகளின் உழைப்பு அது. நம் நூதனசாலையின் வெள்ளைச் சுவருக்குள்ளும் அந்தக் கோப்பி இருக்கிறது. இதை நாங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு முன் சொன்னதில்லை.

1877இல் ஊர் திரும்பினார். 1880இல், தனது 63ஆவது வயதில், பக்கத்துத் தோட்ட வீட்டுப் பெண்ணை இரண்டாந்தாரமாக முடித்தார். பெயர் ஒகஸ்டா, வயது 27. உம்மும்மா இருந்திருந்தால் இந்த இடத்தில் நாக்கைக் கடித்திருப்பா. எங்களுக்கு இந்தக் குடும்பத்தில் மிகப் பிடித்த ஆள் அந்த ஒகஸ்டாதான்.

கலியாணம் முடிந்த அடுத்த வருடக் குளிர்காலத்தில் இருவரும் எகிப்து போனார்கள். அப்போது அங்கே அஹ்மத் ஒராபி பாஷா, விவசாயி மகனாகப் பிறந்து படைத்தளபதியானவர், எகிப்து எகிப்தியருக்கே என்று எழும்பி நின்ற நேரம். கிரகரி ஆரம்பத்தில் ஒராபிக்கு ஆதரவாக லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். ஒகஸ்டா ஒரு படி மேலே போய், ஒராபியின் வீட்டுக்கே போய் அவருடைய மனைவியையும் தாயையும் சந்தித்தார். பிறகு ஆங்கிலப் படை எகிப்தில் இறங்கியது. 1882 செப்டம்பரில் ஒராபி தோற்றார், பிடிபட்டார், தூக்குத்தான் என்று பேச்சு. கிரகரி பின்வாங்கிவிட்டார். ஒகஸ்டா பின்வாங்கவில்லை. அந்த ஒக்டோபரிலேயே 'ஒராபியும் அவர் வீட்டாரும்' என்ற பொருளில் தலைப்பிட்டு டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் பத்திரிகைகள் பூதமாகக் காட்டிய மனுசனை ஒரு தகப்பனாக, ஒரு தாயின் மகனாகக் காட்டிய எழுத்து அது. அவருடைய முதல் பிரசுரமும் அதுதான். டிசம்பரில் மரண தண்டனை விதித்து, உடனேயே அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள்.

நாடு கடத்தியது எங்கே? ஒகஸ்டாவின் கணவர் ஆண்ட நம்முடைய தீவுக்கு.

1883 ஜனவரியில் ஒராபியும் மற்றப் பாஷாக்களும் கொழும்பில் வந்து இறங்கினார்கள். மிச்சக் கதை நமக்குத் தெரிந்தது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கி, பிள்ளைகளைப் படிப்பியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். ஒராபி பாஷா வந்து சேர்ந்தது அவருக்குப் பெரிய பலம். 1892 ஓகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் ஸாஹிரா தொடங்கியது. சித்திலெப்பை, ஒராபி பாஷா, அவர்களோடு தோள் கொடுத்து நின்ற இன்னொருவர், அதே வாப்பிச்சி மரைக்கார். இன்றைக்கும் ஒராபி பாஷா வீதி அங்கே இருக்கிறது.

நூதனசாலைக் கதையில் நாம் எப்போதும் மரைக்காரையும் கிரகரியையும் சேர்த்துச் சொல்கிறோம். கிரகரி வீட்டு அம்மா பேனா பிடித்து ஆதரித்த மனுசனும், கிரகரிக்குக் கட்டடம் கட்டிய மனுசனும் பத்து வருடம் கழித்து மருதானையில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக ஒன்றாக நின்றார்கள் என்பதைச் சொல்வதில்லை. எங்களுக்கும் தெரியாது. வாத்தியார் வேலை பார்க்கும் எங்களுக்கு ஜும்ஆக் கதையைவிட இதுதான் பெரிதாகத் தெரிந்தது. மரைக்கார் கேட்டுப் பெற்ற வெள்ளிக்கிழமை போய்விட்டது, கேளாமல் சேர்ந்து கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்றும் மணி அடிக்கிறது.

இனி அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். ஸாஹிரா தொடங்கிய அதே 1892இல்தான், அந்த மார்ச் மாதம், கிரகரி லண்டனில் இறந்தார். தன்னிடமிருந்த நல்ல ஓவியங்கள் சிலவற்றை லண்டன் காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். அதில் ஒன்று ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவெஸ் 1618இல் வரைந்தது. இன்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். ஒரு குசினி. ஒரு வேலைக்காரப் பெண் உரலில் உள்ளி இடிக்கிறாள். மேசையில் மீன், இரண்டு முட்டை. அழுதுவிட்டு வந்தவள் மாதிரி முகம். காலில்லாத ஏழைகளின் கஞ்சிக்குக் கணக்குப் பார்த்த மனுசன், அந்த முகத்தை வீட்டில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒகஸ்டாவுக்கு அப்போது 40 வயது நிறையப் போகிறது. சாகும் வரை கறுப்பு உடுப்புத்தான். கணவரின் சுயசரிதையை ஒழுங்குபடுத்தி 1894இல் வெளியிட்டார். பிறகு மெல்ல மெல்ல வேறு ஆளானார். ஐரிஷ் மொழி படித்தார். கணவர் சட்டம் போட்டு ஒதுக்கிய அதே மாதிரிக் குடியானவர்களின் வீடுகளுக்கும் ஏழைகள் விடுதிக்கும் போய், கிழவன் கிழவியரிடம் பழங்கதை கேட்டு எழுதினார். யேட்ஸ் என்ற கவிஞரோடு சேர்ந்து 1904இல் டப்ளினில் அபே நாடக அரங்கைத் தொடங்கினார். நாற்பது வயதுக்குப் பிறகு நாடகம் எழுதத் தொடங்கி நாற்பதுக்குக் கிட்ட எழுதினார். அயர்லாந்தின் விடுதலையை விரும்பும் பக்கம் வந்து சேர்ந்தார். ஒராபி வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்தே அது தொடங்கிவிட்டது என்பது எங்கள் எண்ணம்.

பிள்ளை ஒன்றே ஒன்று. ரொபர்ட், 1881இல் பிறந்தவர், ஓவியர். முதலாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையில் சேர்ந்தார். 1918 ஜனவரி 23ஆம் திகதி இத்தாலியில் விமானம் விழுந்து மௌத்தானார். வயது 36. உம்மா அயர்லாந்தின் பக்கம், மகன் சாம்ராச்சியத்தின் சீருடையில். யேட்ஸ் அவரைப் பற்றி எழுதிய கவிதைகள் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். நம்மில் ஏ.எல். ஆங்கில இலக்கியம் செய்தவர்கள்கூட, அந்த விமானி நம்முடைய நூதனசாலைத் தேசாதிபதியின் மகன் என்று அறிந்திருப்பார்களா? எங்களுடைய கூட்டாளி ஒருத்தி அந்தக் கவிதையை இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறாள். சொன்னபோது போனிலேயே கத்தினாள்.

ரொபர்ட்டின் விதவை காணியையும் வீட்டையும் 1927இல் அரசாங்கத்துக்கு விற்றார். அது இப்போது ஐரிஷ் அரசாங்கம். ஒகஸ்டா தன்னுடைய சொந்த வீட்டில் வாடகை கட்டிக்கொண்டு இருந்து, 1932இல் இறந்தார். 1941இல் வீட்டை இடித்துவிட்டார்கள், கல்லுக்காக. இன்று கூலில் அத்திவாரத் தடம்தான் மிச்சம். சுற்றிலும் காடு, ஏரி, அன்னப் பறவைகள். விருந்துக்கு வந்த எழுத்தாளர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கத்தியால் கீறிவைத்த ஒரு மரம் மட்டும் இன்னும் நிற்கிறது.

வங்காளத்துக் காசில் வாங்கிய காணி. கறுவாத்தோட்டத்தில் அவருடைய கட்டடம் நூற்று ஐம்பது வருடத்தை எட்டப் போகிறது. அவர் பிள்ளையாய் ஓடி விளையாடிய வீடு இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். இரண்டு பாடவேளை போனது. பிள்ளைகள் சுவர்ப்பத்திரிகை செய்வோம் என்றார்கள். நடுவில் நூதனசாலைப் படம், ஒரு பக்கம் வாப்பிச்சி மரைக்கார், ஒரு பக்கம் ஒராபி பாஷா. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை ஒரு மூலையில் நாற்பது பேர்ச்சஸ் கதையை எழுதினாள். ஒரு குடிசை, பக்கத்தில் கிழங்குப் பாத்தி, அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

ஸ்டாஃப் ரூமில் ஒரு மூத்த சேர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்மட பேரைச் சொல்ற இடத்துல இந்தப் பஞ்சக் கதை எதுக்கு டீச்சர்? நம்மளுக்கு நல்லது செஞ்ச மனுசன். அத எடுத்துருங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் ஏன் சொன்னார் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2019க்குப் பிறகு நாம் எல்லாரும் இந்த நூதனசாலைக் கதையை அதிகம் சொல்லத் தொடங்கினோம். அபாயாவைப் பார்த்து பஸ்ஸில் ஆள் தள்ளி உட்கார்ந்த நாட்களில், எங்களுடைய போனுக்கு இந்தக் கதை எத்தனை தரம் ஃபோவர்ட் ஆகி வந்தது! நாங்களும் அனுப்பினோம். இந்த நாட்டைக் கட்டினவர்கள் நாங்கள் என்று யாருக்கோ நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையில் தேசாதிபதி நல்லவராக இருந்தால்தான் அவர் கொடுத்த சான்றிதழும் செல்லும் என்று நமக்குள் ஒரு பயம்.

நாங்கள் சேரிடம் சொன்னோம், மரைக்காரின் சுவர் நேராக நிற்பதற்குத் தேசாதிபதியின் நற்சான்றிதழ் எதற்கு சேர், நூலைப் பிடித்தது அவர், கல்லைப் பார்த்து எடுத்தது அவர், கூலி கொடுத்து ஆள் வைத்து முடித்தது அவர். சேர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீரைக் குடித்தார். அடுத்த நாள் வந்து, "கால் ஏக்கர் எண்டு எழுதி அடைப்புல நாற்பது பேர்ச்சஸ் போடச் சொல்லுங்க, அப்பதான் பார்க்கிற ஆக்களுக்கு விளங்கும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

வகுப்பில் ஒரு சின்னக் கணக்கும் செய்தோம். உங்கள் வீடு எத்தனை பேர்ச்சஸ் என்று வாப்பா உம்மாவிடம் கேட்டு வாருங்கள் என்றோம். கேட்டிருக்கக் கூடாது என்று மறுநாள்தான் விளங்கியது. தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு பேர்ச், ஒன்றரை பேர்ச் என்று மெல்லிய குரலில் சொன்னார்கள். சிலர் சொல்லவே இல்லை. அந்தப் பிள்ளை மட்டும் சத்தமாக, "எங்கட ஒண்டே கால், டீச்சர். அதுவும் கூலிக்கு" என்றாள். நாங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். அவளுடைய வாப்பா வந்திருந்தார். புறக்கோட்டையில் நாட்டாமை வேலை, மூட்டை தூக்குபவர். வேலையிலிருந்து நேரே வந்ததால் வாசலிலேயே நின்றார். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சுவர்ப்பத்திரிகையைக் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். சிவப்புக் கோட்டைப் போட்ட இடத்தில் கனநேரம் நின்றார்.

"காணிய எழுதிக் குடுத்தா சாப்பாடு குடுத்தாங்களா, டீச்சர்?"

"கொஞ்சம் குடுத்தாங்க."

"பஞ்சம் முடிஞ்ச பொறகு காணி?"

"கிடைக்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, கட்டினவர்ட பேர் எது என்று மகளிடம் கேட்டார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வெடித்த போனை எடுத்து, அந்தப் பெயரை மட்டும் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்தார். பிறகு பின்னால் நகர்ந்து, குடிசையும் கிழங்குப் பாத்தியும் விழுகிற மாதிரி இன்னொன்று எடுத்தார்.